கத்தி செய்ய முதல் பெல்ட் கிரைண்டர்: 40,000 ரூபாய்க்குள் எதை வாங்குவது?

காவிரிக்கரை

எல்லோருக்கும் வணக்கம். ஊர் கும்பகோணம். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. ஒன்றரை வருடமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கத்தி செய்து வருகிறேன். இதுவரை ஏழு முடித்திருக்கிறேன், எல்லாமே சமையலறைக் கத்திதான். ஆங்கிள் கிரைண்டரில் உருவம் வெட்டி, மற்றதெல்லாம் அரத்தால் ராவியது. ஒரு கத்தியின் இரண்டு பக்கச் சரிவையும் ராவி முடிக்க இரண்டு ஞாயிறு போய்விடுகிறது. அப்படியும் வாய்ப்பக்கம் கனமாகவே நின்றுவிடுகிறது. கடைசியாகச் செய்ததை அம்மாவிடம் கொடுத்தேன். கீரைக்கும் வெண்டைக்காய்க்கும் நன்றாக இருக்கிறதாம், கேரட்டை நறுக்கினால் பாதி வரை வெட்டி மீதியைப் பிளக்கிறதாம்.

பெல்ட் கிரைண்டர் (எமரிப் பட்டை சுற்றி ஓடி இரும்பைத் தேய்க்கும் மெஷின்) வாங்கலாம் என்று 40,000 ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறேன். ஆன்லைனில் 1×30 அளவில் (பெல்ட்டின் அகலம் 1, நீளம் 30 அங்குலம்) சின்ன மெஷின் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. முழுதாகச் செய்து விற்கும் 2×72 என் கைக்கு எட்டவில்லை. மூன்றாவது வழி, பாகம் பாகமாக வாங்கி நானே கோப்பது. எனக்கு வெல்டிங் தெரியாது.

வீட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு. மொட்டை மாடியில் 8×10 அடியில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பழைய வெட் கிரைண்டரிலிருந்து கழற்றிய அரை எச்பி மோட்டாரும் சும்மா கிடக்கிறது, அதை வைத்து ஆரம்பிக்க முடியுமா? முதலில் சின்னதை வாங்கிக் கை பழகிவிட்டு அப்புறம் பெரியதுக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். அனுபவப்பட்டவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

அரமும் கரியும்

தம்பி, ஏழு கத்தியை அரத்தால் ராவி முடித்திருக்கிறீர்கள் என்றால் கை பழகிவிட்டது. சரிவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பது கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அதனால் "கை பழக" என்று ஒரு சின்ன மெஷின் உங்களுக்கு வேண்டாம். நான் கோவை, கணபதிப் பக்கம். ஒன்பது வருடமாகக் கத்தி செய்கிறேன். உங்கள் நண்பர் சொன்ன வழியில்தான் நானும் போனேன், அதில் நடந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு 1×30 வாங்கினேன். ஒரே வேகம். சுவிட்சைப் போட்டால் முழு வேகம், அணைத்தால் நிற்கும், நடுவில் எதுவும் கிடையாது. அதில் என் அத்தைக்கு ஒரு எட்டு அங்குலக் கத்தி செய்தேன். இரும்பு இஎன்31 என்ற பேரிங் எஃகு. பதம் வைத்து (பழுக்கக் காய்ச்சிச் சட்டென்று ஆற்றிக் கடினமாக்கி), 200 டிகிரியில் இரண்டு முறை சூடு காட்டி இறக்கியாயிற்று. கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. பெல்ட் கொஞ்சம் மழுங்கியிருந்தது, இன்னும் ஒரு தடவைக்குத் தாங்கும் என்று நினைத்தேன். பிடியிலிருந்து நுனி வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். நுனிக்கு ஒரு அங்குலம் முன்னால் வாயோரம் வைக்கோல் நிறம் வந்தது. அது என்ன நிறம் என்று மனம் புரிந்துகொள்வதற்குள் ஊதா, உடனே நீலம். விரலில் சூடுகூடத் தெரியவில்லை. நான் பிடித்திருந்தது கனமான பக்கத்தை. நுனியில் இரும்பு மெலிசு, சூடு ஓடிப் போக இடமில்லை.

இரும்பு நீலமாகிறது என்றால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். 200-இல் இறக்கிய பதம் அங்கே போயே போய்விட்டது. அது அப்போதே எனக்குத் தெரியும். ஆனால் மூன்று வார உழைப்பு, தூக்கிப் போட மனம் வரவில்லை. நீலத்தை எமரித் தாளால் தேய்த்து எடுத்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து அத்தை அதை ஒரு துணியில் சுற்றி எடுத்து வந்தார். "கண்ணு, மத்த பக்கமெல்லாம் நல்லா வெட்டுது, இந்த நுனி மட்டும் பூசணிக்காய் அரிஞ்சா மடங்குது, நான் ஏதாச்சும் தப்பாப் புடிக்கறனா?" என்று கேட்டார். அரை அங்குல நீளத்துக்கு வாய் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. தப்பு அவருடைய கையில் இல்லை. நிறத்தைத் தேய்த்து எடுத்தால் நிறம்தான் போகும், உள்ளே இளகியது இளகியதுதான். அந்தக் கத்தியைத் திருப்பி வாங்கிக்கொண்டு வேறு செய்து கொடுத்தேன்.

அதனால் என் பட்டியலில் முதலில் நிற்பது வேகக் கட்டுப்பாடு. வேகத்தைக் குறைக்க முடியாத மெஷினில் பதம் வைத்த கத்தியின் வாயை முடிப்பது ஒவ்வொரு முறையும் பயந்துகொண்டே செய்யும் வேலை.

இரண்டாவது, பெல்ட் அளவு. 1×30 என்றால் 25 × 762 மில்லிமீட்டர். 2×72 என்றால் 50 × 1830. பெருக்கிப் பாருங்கள், பெரிய பெல்ட்டில் உராயும் பரப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு. பெல்ட்டில் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு உராய்வு மணியும் இரும்பைத் தொட்டுவிட்டு ஒரு சுற்று போய் ஆறி வருகிறது. பெல்ட் சீக்கிரம் மழுங்காது, மழுங்காத பெல்ட் குறைவாகச் சூடாக்கும். இன்னொரு விஷயம், கத்திக்கான நல்ல செராமிக் பெல்ட்டுகள் பெரும்பாலும் 2×72 அளவில்தான் நிறைய வகையில் கிடைக்கின்றன. சின்ன அளவில் கிடைப்பதை வாங்க வேண்டியதுதான். மெஷினை ஒரு தடவை வாங்குகிறோம், பெல்ட்டை ஆயுசுக்கும் வாங்குகிறோம். பெல்ட் அளவைத் தீர்மானித்துவிட்டால் மற்றதை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாவது மோட்டார். 2 எச்பி, அதாவது 1.5 கிலோவாட், மூன்று ஃபேஸ், அதோடு ஒரு விஎஃப்டி (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்னணுப் பெட்டி). வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான் என்று கவலை வேண்டாம். 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸை வாங்கி மூன்று ஃபேஸாகக் கொடுக்கும் விஎஃப்டி கடைகளில் சாதாரணமாகவே கிடைக்கிறது, வேகத்தைக் கூட்டிக் குறைப்பதும் அதுவே. முழுக்க மூடிய, பின்னால் விசிறி வைத்த மோட்டாராக இருக்க வேண்டும். ஏனென்றால் கொட்டகை முழுக்க இரும்புத் தூள் பறக்கும்.

நிமிடத்துக்கு 1440 சுற்று மோட்டாரா 2880-ஆ என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் மெஷினுக்கு என் ஓட்டு 1440-க்கு. மோட்டார் தண்டில் 150 மில்லிமீட்டர் ஓட்டுச் சக்கரம் போட்டால் 50 ஹெர்ட்ஸில் பெல்ட் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். விஎஃப்டியை 15-க்கு இறக்கினால் 3 மீட்டரைக் கொஞ்சம் தாண்டும், பதம் வைத்த வாயை அந்த வேகத்தில் நிதானமாக முடிக்கலாம். 80-க்கு ஏற்றினால் 18 மீட்டர், 36 நம்பர் பெல்ட்டில் (நம்பர் குறையக் குறைய முரடு) இரும்பு வெண்ணெய் மாதிரி இறங்கும். கை தெளியும்வரை 80 பக்கம் போக வேண்டாம். ரொம்பக் குறைந்த வேகத்தில் நீண்ட நேரம் ஓட்டினால் மோட்டார் விசிறிக்குக் காற்று பத்தாது, அவ்வப்போது தொட்டுப் பாருங்கள்.

மெஷினின் சட்டத்தில் (ஃபிரேமில்) காசு போடாதீர்கள். வெல்டிங் தெரியாவிட்டாலும் ஒன்றும் இல்லை. லேசர் கட்டிங் கடையில் 10 மி.மீ. தகட்டை வெட்டி வாங்கி போல்ட்டு போட்டு முடுக்கும் மாதிரியான சட்டம்தான் நான் செய்தது. சக்கரங்களை லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து வாங்கினேன். கடையும்போது சொல்ல வேண்டியவை சில உண்டு. 2 எச்பி மோட்டாரின் தண்டு பெரும்பாலும் 24 மி.மீ., ஆனாலும் உங்கள் மோட்டாரையே கொண்டுபோய் அளக்கச் சொல்லுங்கள். பெல்ட்டை நடுவில் நிறுத்தும் மேல் சக்கரத்துக்கு மட்டும் நடு மேடாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெல்ட் ஓரத்துக்கு ஓடிவிடும். பேரிங் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி வைத்ததாக வாங்குங்கள். தகர மூடி போட்டது தூள் ஏறி ஒரு வருடத்தில் கத்த ஆரம்பிக்கும்.

காசையும் கவனத்தையும் கொட்ட வேண்டிய இடம் பிளேட்டன். பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டையான தகடு அது. கத்தியின் சரிவு அதில்தான் உருவாகிறது. அதில் நடுவில் ஒரு முடி அளவு குழி இருந்தாலும் கத்தியில் மேடாக விழும். நேரான ஸ்கேலை வைத்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள், அடியில் வெளிச்சம் தெரியக் கூடாது. இரும்புத் தகடு தேயும். அதன்மேல் சூடு தாங்கும் செராமிக் கண்ணாடியை எபாக்சி போட்டு ஒட்டிவிட்டால் பல வருடம் தட்டையாக நிற்கும்.

எனக்கு ஆன செலவு: பழைய மோட்டார் 5,500, விஎஃப்டி 9,000, தகடு வெட்டி வாங்கியது 8,000, சக்கரமும் பேரிங்கும் 7,500, போல்ட்டு ஒயர் சில்லறை 2,000. மொத்தம் 32,000. அது மூன்று வருடத்துக்கு முந்தைய விலை, இப்போது கொஞ்சம் கூடும். உங்கள் 40,000-இல் 5,000-ஐப் பெல்ட்டுக்கு என்று எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள்.

வெட் கிரைண்டர் மோட்டாரைப் பற்றிக் கேட்டீர்கள். அரை எச்பி 2×72-க்குப் பத்தாது, அழுத்தினால் நின்றுவிடும். அதைத் தூக்கிப் போடாதீர்கள். தூசு புகாமல் மூடி, ஒரு தட்டையான வட்டத் தகட்டை மாட்டி எமரித் தாள் ஒட்டினால் பிடிக்கான மரத்துண்டுகளைச் சமமாக்க அது அருமையான சாதனம்.

காயில் கடை

மதுரையில் மோட்டார் காயில் கட்டும் கடை எங்களுடையது, நானும் அப்பாவும் பார்க்கிறோம். மேலே அண்ணன் சொன்னதெல்லாம் சரி. மோட்டார் விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இந்தத் தப்போடு மாதம் ஒருவராவது எங்கள் கடைக்கு வருகிறார்.

நம் ஊரில் விற்கும் 2 எச்பி மூன்று ஃபேஸ் மோட்டார் 415 வோல்ட்டுக்கு, ஸ்டார் இணைப்பில் (மூன்று காயிலின் ஒரு முனையை ஒன்றாக முடிச்சுப் போட்டது) வரும். நீங்கள் போடப்போகும் விஎஃப்டி சிங்கிள் ஃபேஸிலிருந்து எடுப்பதால் 230 வோல்ட்டுக்கு மேல் கொடுக்காது. அப்படியே இணைத்தால் மோட்டார் ஓடும், சத்தமும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கத்தியை அழுத்தினால் திணறும். மெஷின் சரியில்லை என்று நினைத்துவிடுவீர்கள். மோட்டாரை டெல்டாவுக்கு (காயில்களை முக்கோணமாக முனைக்கு முனை இணைப்பது) மாற்றிக் கட்ட வேண்டும். 415-ஐ 1.73-ஆல் வகுத்தால் 240, கணக்கு சரியாக வந்துவிடும்.

வாங்கும்போதே டெர்மினல் பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். ஆறு முனை இருந்தால் தகடுகளை மாற்றிப் போட்டால் போதும், ஐந்து நிமிட வேலை. மூன்று ஒயர் மட்டும் வெளியே வந்திருந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளேயே போட்டிருக்கிறார்கள். அதைக் காயில் கடையில் கொடுத்தால் முடிச்சைப் பிரித்து ஆறு ஒயராக வெளியே எடுத்துத் தருவார்கள். பழைய மோட்டாராக இருந்தால் அதோடு பேரிங்கையும் மாற்றிவிடச் சொல்லுங்கள்.

அப்புறம் விஎஃப்டியில் மோட்டார் விவரம் போடும்போது வோல்ட் 230 என்று போடுங்கள். ஆம்பியர் பெயர்ப்பலகையில் ஸ்டாருக்கு 3.4 என்று இருந்தால் டெல்டாவுக்கு 5.9. பழைய எண்ணையே போட்டால் பாரம் ஏறியதும் டிரிப் ஆகும். விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் சுவிட்ச் எதுவும் வைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் விஎஃப்டிக்கு ஆபத்து. நிறுத்துவதற்கு விஎஃப்டியிலிருந்தே ஒரு சிவப்புப் பொத்தான் இழுத்து, கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

மெயினிலிருந்து மாடிக்குத் தனி லைன் இழுங்கள், 4 ஸ்கொயர் ஒயர், 20 ஆம்ப் எம்சிபி. எர்த் கட்டாயம். வீட்டில் 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் விஎஃப்டி ஓடும்போது காரணமில்லாமல் விழுவது போலத் தெரியும். விஎஃப்டியிலிருந்து எர்த்துக்குக் கொஞ்சம் கசிவு இருப்பது இயல்பு, அதற்காக ஆர்சிசிபியையே கழற்றிவிடாதீர்கள், எலக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த லைனுக்கு ஏற்றதைத் தனியாகப் போடச் சொல்லுங்கள். கடைசியாக, விஎஃப்டியைக் கிரைண்டர் பக்கத்தில் திறந்தபடி மாட்ட வேண்டாம். இரும்புத் தூள் மின்சாரம் கடத்தும். ஒரு விஎஃப்டியைத் திறந்தபோது உள்ளே போர்டு முழுக்கக் கறுப்பு மீசை முளைத்த மாதிரித் தூள் ஒட்டியிருந்தது. மூடிய பெட்டியில், வெயில் நேராகப் படாத சுவரில் மாட்டுங்கள். தகரக் கொட்டகை சித்திரையில் எவ்வளவு கொதிக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

வைகைப் பட்டறை

திருப்பாச்சேத்திப் பக்கம் நான். தாத்தா காலத்திலிருந்து அருவாள் அடிக்கிற குடும்பம். அப்பா கையால் சுற்றும் சாணையில் பிடித்தவர், நான் நாலு வருடமாக 2×72 வைத்திருக்கிறேன். மெஷினைப் பற்றி மேலே சொல்லிவிட்டார்கள். மெஷின் முன்னால் நிற்கிற ஆளைப் பற்றி நான் சொல்கிறேன்.

கைலி, வேட்டி, தோளில் துண்டு எதுவும் கூடாது. எங்கள் பட்டறையில் உலை வேலை எல்லாம் கைலியில்தான், கிரைண்டர் பக்கம் போகும்போது மட்டும் பேண்ட் மாற்றிக்கொள்வோம். பருத்தித் துணியாக இருக்கட்டும், நைலான் பாலியெஸ்டரில் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். கையுறை போடாதீர்கள். பெல்ட் கையுறையைப் பிடித்தால் விரலோடு இழுக்கும், அதோடு கத்தி சூடாவதும் விரலுக்குத் தெரியாது. வெறும் விரலை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பிடியுங்கள், தாங்க முடியாத சூடு வந்தால் உடனே தண்ணீரில் முக்குங்கள். பதம் வைத்த பிறகு ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு முக்கு என்று பழக்கிக்கொண்டால் கோவை அண்ணனுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

மூச்சுக்கு நல்ல முகமூடி வாங்குங்கள். ரப்பரில், இரண்டு பக்கமும் வடிகட்டி மாட்டுகிற மாதிரி, பி100 வடிகட்டியோடு. கர்ச்சீப் கட்டுவது எதற்கும் உதவாது. எங்கள் அப்பாவுக்கு இன்றைக்கும் விடிகாலை இருமல் நிற்பதில்லை. அந்தக் காலத்தில் யாரும் சொல்லவில்லை, உங்களுக்கு நாங்கள் சொல்கிறோம். கிரைண்டருக்கு அடியில் பொறி விழும் இடத்தில் ஒரு வாளித் தண்ணீர் வையுங்கள், பொறியும் அணையும், தூளும் அதில் தங்கும். ஆனால் பிடிக்கு மரம் தேய்த்த தூள் கீழே கிடக்கும்போது அதே இடத்தில் இரும்பு தேய்க்காதீர்கள். மரத்தூளில் பொறி விழுந்தால் உள்ளேயே கனன்றுகொண்டிருக்கும், நீங்கள் கீழே இறங்கிச் சாப்பிடப் போன பிறகு பற்றும்.

கேரட் பிளக்கிறது என்றீர்களே, அதற்கும் பதில் இதில்தான் இருக்கிறது. பதம் வைப்பதற்கு முன்னாலேயே சரிவை இறக்கிவிடுங்கள், வாயில் ஏடிஎம் கார்டு கனம் மட்டும் நிற்கட்டும். எங்கள் பக்கம் பதம் வைப்பதைத் துவைச்சல் என்பார்கள். அதைவிட மெலிசாக்கித் துவைச்சல் போட்டால் வாய் வளையும், சில சமயம் விரிசல் விடும். போட்ட பிறகு மெதுவாக, தண்ணீரில் முக்கி முக்கி, மீதியை எடுங்கள். அரத்தால் பதம் வைத்த இரும்பை ராவ முடியாது, அதனால்தான் உங்கள் கத்தி கனமாகவே நின்றுவிட்டது. கிரைண்டர் வந்ததும் அந்தக் கத்தியை அம்மாவிடம் வாங்கி இன்னும் மெலிசாக்கிக் கொடுக்கலாம், புதிதாகச் செய்ய வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுங்கள். சாயங்காலம் நாலிலிருந்து ஆறு வரை என்று ஒரு நேரம் வைத்துக்கொண்டால் யாருக்கும் சங்கடம் இருக்காது.

காவிரிக்கரை

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. வேலை முடிந்து வந்து இரண்டு முறை படித்தேன். 1×30 எண்ணத்தை விட்டுவிட்டேன். நேற்று இங்கே ஒரு பழைய மோட்டார்க் கடையில் 2 எச்பி, 1440, முழுக்க மூடிய மோட்டார் ஒன்று பார்த்தேன், 6,000 சொல்கிறார். அக்கா சொன்ன மாதிரி மூடியைத் திறக்கச் சொன்னேன். மூன்று ஒயர்தான். ஆறாக எடுத்துத் தரவும் பேரிங் மாற்றவும் 1,200 ஆகும் என்றார். வாங்கலாமா? (நீங்கள் அக்காவா அண்ணனா என்று தெரியாமலே அக்கா என்று எழுதிவிட்டேன், தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.)

முதலில் எந்தெந்தப் பெல்ட் வாங்கி வைக்க வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

காயில் கடை

அக்காதான், தம்பி. 7,200-க்கு அது நல்ல விலை. காசு கொடுப்பதற்கு முன்னால் மெக்கர் வைத்து இன்சுலேஷன் பார்க்கச் சொல்லுங்கள், உங்கள் கண் எதிரே. தண்டைக் கையால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், ஆடக் கூடாது.

அரமும் கரியும்

வாங்குங்கள். பெல்ட்டுக்கு: செராமிக் 36 நம்பர் இரண்டு, 60 நம்பர் நான்கு, அலுமினியம் ஆக்சைடு 120 மூன்று, 220 மூன்று, 400 இரண்டு. பிடி வேலைக்கு வளையும் துணியில் வரும் 120 ஒன்றும் 240 ஒன்றும். நான் இப்போது செராமிக் ஒன்றுக்கு 600, 700 கொடுக்கிறேன், மற்றவை அதில் பாதிக்கும் கீழே. அதிகமாக வாங்கி அடுக்கி வைக்காதீர்கள், ஒட்டுப்போட்ட இடம் பழசானால் விட்டுப்போகும். காவிரிக்கரை ஈரத்துக்கு அது இன்னும் சீக்கிரம். ஆணியில் தொங்கவிட்டால் மடிப்பு விழும், நான்கு அங்குல பிவிசி குழாய் ஒன்றைச் சுவரில் கிடையாக அடித்து அதில் தொங்கவிடுங்கள். உள்பக்கம் அம்புக்குறி இருக்கும், அந்தத் திசையில்தான் ஓட வேண்டும்.

புது 60 நம்பர் பெல்ட் ஒன்றைக் கரித்துண்டால் குறித்து வையுங்கள். பதம் வைத்த கத்திக்கு என்று அதைத் தனியாக வைத்துக்கொண்டு, முரட்டு வேலைக்கு எடுக்காமல் இருங்கள். மழுங்கிய அன்றைக்கே அதை முரட்டு வேலைப் பக்கம் மாற்றிவிட்டுப் புதுசு ஒன்றைக் குறியுங்கள். சட்டத்துக்கான தகடு அளவுகளை நாளைக்கு ராத்திரி அளந்து இங்கேயே போடுகிறேன். லேசர் கடைக்குப் போவதற்கு முன்னால் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.